ரேஷன் கார்டு மலை மேலேயா, ஊரிலேயா? ஏலத்தோட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு ஒப்பீடு

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கமிருந்து கேரளத்து இடுக்கி மலையில் இருக்கும் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஏறிய குடும்பங்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. "அண்ணே, கார்டை மேல மாத்திரலாமா, இல்ல ஊர்லயே கெடக்கட்டுமா?" அரிசிக்கான கேள்வி மாதிரிதான் காதில் விழும். ஆனால் பிள்ளையின் படிப்பு, சாதிச் சான்று, ஆஸ்பத்திரிச் செலவு, அப்பத்தாவின் பென்ஷன் என்று எத்தனையோ விஷயங்கள் அந்த ஒரு கார்டில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதை மாற்றினால் எல்லாமே இடம் மாறும். சில மாறும்போதே உடைந்தும் போகும்.

முன்பெல்லாம் இந்தக் குழப்பம் இல்லை. கீழே ஒரு கார்டு, மேலே ஒரு கார்டு என்று வைத்திருந்த குடும்பங்கள் எல்லைப் பகுதியில் ஏராளம். 1956 மாநிலப் பிரிப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு விழுந்ததே தவிர ஆள் நடமாட்டம் குறையவில்லை, ஆகவே இரண்டு பக்கமும் பெயர் இருந்தது. கார்டோடு ஆதாரை இணைத்த பிறகு அது முடியாது. ஒரு ஆள், ஒரு கார்டு. வாக்காளர் பட்டியலும் அப்படித்தான்: இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. 2025 கடைசியில் இரண்டு மாநிலங்களிலும் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது பலருக்கும் இந்த முடிவைத் தள்ளிப்போட வழியில்லாமல் போனது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அரசு எத்தனை ரூபாய் தருகிறது என்று கூட்டிக் கழித்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பை எந்தப் பக்கம் படிக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். கார்டு அதன் பின்னாலேயே போகட்டும். இங்கே சொல்லும் தொகைகள் 2025 முடிவில் இருந்த நிலவரம். பட்ஜெட்டுக்கு பட்ஜெட் தொகை ஏறி இறங்கலாம். எந்தச் சலுகை எந்தக் காகிதத்தைப் பிடித்து நிற்கிறது என்ற அமைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் கம்பமெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஜீப்பில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடுகிறவர்களுக்கு இதில் யோசிக்கவே எதுவும் இல்லை. வீடு கீழே, பிள்ளைகள் கீழே, கார்டும் கீழேயே இருக்கட்டும். மேலே அவர்களுக்கு வேண்டியது விபத்துக் காப்பு மட்டும்தான். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017-ல் தொடங்கிய ஆவாஸ் காப்பீட்டில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு, சிகிச்சைக்கும் ஒரு தொகை உண்டு. 18 முதல் 60 வயது வரை சேரலாம். வடநாட்டுத் தொழிலாளர்களுக்கான திட்டம் என்று நம்மவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. தமிழ்நாடும் கேரளத்துக்கு வெளிமாநிலம்தான். மலைப்பாதையில் நிறை ஜீப்பில் போய் வருகிற பெண்களுக்கு இது அவசியம் வேண்டும். கேரளத் தொழில் துறையின் அதிதி போர்ட்டலில் ஆதாரைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

மற்றவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். தோட்டத்து லயத்திலோ (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வாடகை அறையிலோ தங்கி வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் வீடும் பெற்றோரும் இருக்கிறவர்கள் ஒரு வகை. ஊரில் எதுவும் மிச்சமில்லாமல் மலையே வீடு என்றாகிவிட்டவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை அதிகமாக எழுதுகிறேன்.

அரிசியில் தொடங்குவோம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கம்பத்துக் கார்டை வைத்துக்கொண்டே குமுளிக் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். ஆனால் எல்லாக் கார்டுக்கும் இது கிடையாது. ஸ்மார்ட் கார்டில் முன்னுரிமையைக் குறிக்கும் பி.எச்.எச். என்றோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயாவைக் குறிக்கும் பி.எச்.ஏ.ஏ. என்றோ இருந்தால்தான் வெளி மாநிலத்தில் செல்லும். முன்னுரிமை இல்லாத என்.பி.எச்.எச். என்று இருந்தால் தமிழ்நாட்டுக்குள் விலையில்லா அரிசி உண்டு, எல்லை தாண்டினால் இல்லை. ஏனென்றால் அந்த அரிசிச் செலவைத் தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து போடுகிறது. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் அது வராது. கடையில் "இந்தக் கார்டுக்கு இல்ல" என்று சொன்னால் கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதற்கு முன்னால் அந்த எழுத்தைப் பாருங்கள்.

எல்லை தாண்டி வாங்கும்போது முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ கணக்கு, அந்தியோதயாவுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. இரண்டும் விலையில்லாமல். 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாட்டுக் கடையில் மட்டும்தான். பொங்கல் தொகுப்பும் அப்படியே. இதில் நல்ல வசதி ஒன்று உண்டு. மாத ஒதுக்கீடு மொத்தத்தையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டியதில்லை. மேலே இருக்கிற கணவன் மனைவி தங்கள் பங்கைக் குமுளியிலும், ஊரில் இருக்கிற பாட்டி மிச்சத்தைக் கம்பத்திலும் வாங்கலாம். அப்புறம், மேலே வாங்குகிறவரின் பெயர் கார்டில் இருக்க வேண்டும், கைரேகை ஆதாரில் ஒழுங்காகப் பதிந்திருக்க வேண்டும். ஏலக்காய் எடுத்துக் கறை பிடித்த விரல்கள் இயந்திரத்தில் விழாமல் போவது சாதாரணம். காய் எடுக்கிற சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்து, மொபைல் எண்ணையும் இணைத்துவிட்டால் சீசன் நடுவில் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

சரி, கார்டையே மேலே மாற்றினால்? பலரும் யோசிக்காமல் காலை விடுவது இங்கேதான். கீழே முன்னுரிமைக் கார்டு வைத்திருந்தவருக்கு மேலேயும் அதே முன்னுரிமை தானாக வந்துவிடாது. கேரளத்தில் மஞ்சள் அந்தியோதயா, ரோஸ் முன்னுரிமை, நீலம் மாநில மானியம், வெள்ளை எதுவும் இல்லாதது. கீழே பெயரை நீக்கி, அதற்கான சான்றை வாங்கிக்கொண்டு போய்ப் புதுக் கார்டு கேட்டால் முதலில் கையில் கிடைப்பது வெள்ளைக் கார்டு. அதில் கிலோ 10 ரூபாய் 90 காசுக்குச் சில கிலோ அரிசி கிடைக்கும். ரோஸ் கார்டுக்கு விண்ணப்பம் வாங்கும் காலம் வரும்வரை காத்திருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு, சொந்த நாலுசக்கர வண்டி, மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் குடும்ப வருமானம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் கிடையாது. தோட்டக் கூலிகளுக்கு இதில் எதுவும் இருக்காது, ஆகவே தகுதி வரும். காலம்தான் பிடிக்கும். அந்தக் காலம் முழுக்க அரிசியைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெண்களின் மாதப் பணமும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பெயர் தமிழ்நாட்டுக் கார்டில் இருக்க வேண்டும். கேரளம் 2025 அக்டோபர் கடைசியில் அறிவித்த பெண்கள் பாதுகாப்புத் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய்தான், ஆனால் 35 முதல் 60 வயதுக்குள், மஞ்சள் அல்லது ரோஸ் கார்டு வைத்திருக்கும், வேறு பென்ஷன் வாங்காத பெண்களுக்கு. தொகை இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று கார்டை மாற்றுகிற 28 வயதுப் பெண்ணுக்குக் கீழே நின்றுபோகும், மேலே வயது காணாது. நாற்பது வயது அக்காவுக்கும் வெள்ளைக் கார்டு இருக்கும்வரை கிடைக்காது. அந்த ஆயிரம் பெண்ணின் கைக்கே நேராக வருகிற பணம், கூலியைப் போல வீட்டுச் செலவில் கரைவதில்லை. அதை இழப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இனி படிப்பு. இதில்தான் நிறையப் பேசவேண்டும்.

தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் நல்லதே. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா இடத்திலும் காலை உணவு கிடைக்கிறது. வேலைக்கு விடியற்காலையில் கிளம்புகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. கேரளத்தில் மதிய உணவோடு பாலும் முட்டையும் உண்டு, கட்டடமும் ஆசிரியர் வருகையும் நன்றாக இருக்கும். இடுக்கித் தோட்டப் பகுதிகளில் தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. பாடப்புத்தகம் தமிழிலேயே அச்சாகிறது, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையும் தமிழில் எழுதலாம். லயத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போகிற ஏழு வயதுப் பிள்ளையை, காலைச் சாப்பாட்டுக்காகக் கீழே பாட்டியிடம் அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் பெற்றோர் பக்கத்தில் இருப்பதே பெரிது.

ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு மாறுகிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், 2024-ல் பையன்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கைத்தான் பார்க்கின்றன. இந்த இரண்டுக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் ஏற்கிறார்கள். நடுவில் எட்டாம் வகுப்பை மட்டும் குமுளியில் படித்துவிட்டுத் திரும்பினாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். தமிழ் வழியில் படித்தாலும், அரசுப் பள்ளியில் படித்தாலும், பள்ளி கேரளத்தில் இருந்தால் அது அந்தக் கணக்கில் வராது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளையிடம் சொல்வதைப் போல மனம் வலிக்கிற வேலை வேறில்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கிறேன்.

கேரளத்தில் தொடர்ந்து படிக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? பத்து வரை தமிழில் போகலாம். மேல்நிலைப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கும் சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. மலையாளம் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேலை வாய்ப்பும் திறக்கும், நர்சிங் மாதிரியான படிப்புகளுக்குக் கேரளத்தில் இருக்கிற பழக்கமும் மதிப்பும் தெரிந்ததே. பிள்ளை மலையாளத்தில் தோழர்களோடு சிரித்துப் பேசி, அங்கேயே வேர்விட்டுவிட்டது என்றால், ஒதுக்கீட்டுக்காகப் பிடுங்கி நடுவது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஆனால் அப்படித் தங்குகிற குடும்பம் சாதிச் சான்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு தங்க வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரே பெயருள்ள சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், பிழைக்கப் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் உங்கள் மூதாதையர் அந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் கேரளத் தாசில்தார் அங்குள்ள சான்றைத் தருவார். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளில் மூன்று தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய குடும்பங்களே அந்தக் காலத்துச் சம்பளப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவையும் தேடி அலைகின்றன. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தேவிகுளம் தொகுதியில் 2021-ல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2025-ல் அந்தத் தீர்ப்பைத் திருப்பி, தேர்தல் செல்லும் என்றது. அது முக்கியமாக மதம் பற்றிய வழக்கு என்றாலும், தாத்தா பாட்டி எப்போது மலையேறினார்கள் என்ற கேள்வியும் அதில் கூடவே வந்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே அந்த நிலை. பத்து வருஷத்துக்கு முன்னால் சின்னமனூரிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கேரளத்தில் அந்தச் சான்று கிடைக்க வழியே இல்லை. தகப்பனின் சொந்த மாநிலச் சான்றை வைத்து, குடிபெயர்ந்தவர் என்று குறிப்பிட்ட சான்று வாங்கலாம். அது மத்திய அரசு வேலை, மத்தியக் கல்வி நிறுவனம் இவற்றுக்கு மட்டும் உதவும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் வேறுதான். இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டவராக இருக்கிற பிள்ளை அங்கே பொதுப் பிரிவில் நிற்க நேரலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முகவரியை மாற்றுகிற யோசனை மனதில் வந்த அன்றைக்கே, பிள்ளைகள் எல்லோருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஊரில் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது ஒருமுறை வாங்கினால் போதும், காலாவதி ஆகாது. ஆதாரில் கேரள முகவரி ஏறிய பிறகு கேட்டால், விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ. "நீங்க இங்க குடியே இல்லையேப்பா" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த பிள்ளை இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தால் இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். அதற்கும் ஊரில் ஒரு வேர் இருக்க வேண்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம்? அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்க எந்த மாநிலக் கார்டும் தேவையில்லை; அவசரத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பெரிய சிகிச்சை என்று வரும்போதுதான் காப்பீடு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு போனால் முதலமைச்சர் காப்பீட்டில் புதிதாகச் சேரலாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷாவும் அதே 5 லட்சம்தான். ஆனால் அது முன்பே பட்டியலில் இருந்த குடும்பங்களை வைத்து நடக்கிற திட்டம். நேற்று வந்த குடும்பம் இன்று போய்ச் சேர முடியாது. அதில் இல்லாத, வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்டில் ஒருமுறை உதவி உண்டு, பொதுவாக 2 லட்சம் வரை. கார்டு மாறினால் கீழே உள்ள காப்பீடு போகும், மேலே உள்ளது உடனே வராது. வீட்டில் டயாலிசிஸ் நோயாளியோ இதய நோயாளியோ இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே கார்டை நகர்த்தாதீர்கள்.

தூரத்தையும் பாருங்கள். குமுளியிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜ் நூறு கிலோமீட்டருக்கும் மேல், வளைவும் ஏற்ற இறக்கமும். இடுக்கி மெடிக்கல் காலேஜ் செறுதோணியில். தேனி மெடிக்கல் காலேஜ் கானாவிலக்கில், மலை இறங்கிவிட்டால் நேர் ரோடு. குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கிறவர்கள் பெரும்பாலும் கீழேதான் இறங்குகிறார்கள். அப்படியிருக்கும்போது கீழே செல்லுகிற காப்பீட்டு அட்டை கையில் இருப்பதே நல்லது. மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பமாக இருந்தால் இன்னும் வசதி, கேரளத்தில் அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனையிலும் அது செல்லும். உங்கள் குடும்பம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு மையத்தில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தங்கியிருக்கிற இடத்து அங்கன்வாடியில் யாரும் போய்ப் பதியலாம், தடுப்பூசியும் அங்கேயே போடுவார்கள். கேரள அங்கன்வாடிகள் நன்றாகவே நடக்கின்றன, 2025-ல் முட்டை பிரியாணிகூடப் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிரசவத்துக்குக் கம்பம் அரசு மருத்துவமனைக்கு இறங்கிவருவதாக இருந்தால், மாதம் தள்ளிப்போனது தெரிந்தவுடனே ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் பதிந்து தாய் சேய் எண்ணை வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் 18,000 ரூபாய்க்கும், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். மேலே மட்டும் பரிசோதனை செய்துகொண்டு வலி எடுத்த பிறகு கீழே வருகிறவர்களுக்கு அந்தப் பணம் பெரும்பாலும் கைவிட்டுப் போகிறது.

வயதானவர்களின் பென்ஷனில் கேரளம் தெளிவாக முன்னால் நிற்கிறது. 2025 நவம்பர் முதல் அங்கே மாதம் 2,000 ரூபாய், தமிழ்நாட்டில் 1,200. இந்த 800 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து ஊரில் இருக்கிற அப்பத்தாவின் பெயரை மேலே கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். கேரளத்தில் பல வருஷம் தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அது கைகூடும்வரை இங்கே வருவதும் நின்றுபோகும். அதைவிட, அவருடைய பேச்சுத்துணை, அவருக்குப் பழகின டாக்டர், அவர் வீடு எல்லாம் கீழே. மலைக்குளிரில் லயத்து அறையில் கொண்டுபோய் உட்காரவைத்து அந்த 800 ரூபாயை வாங்கித் தருவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஏற்கெனவே மலையில் வேலை பார்த்து ஓய்ந்து, அங்கேயே இருக்கிற பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

வீடு கட்ட உதவியும் சொந்த நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். கேரளத்தின் லைஃப் மிஷன் 4 லட்சம், தமிழ்நாட்டின் கலைஞர் கனவு இல்லம் மூன்றரை லட்சம். மூணு சென்ட் கீழே இருந்தால் கீழே, மேலே பட்டா கிடைத்துவிட்டால் மேலே.

அப்படியானால் யார் மேலே மாற்ற வேண்டும்? ஊரில் வீடோ நெருங்கிய சொந்தமோ இல்லாதவர்கள், மூத்த பிள்ளை கேரள உயர்நிலைப் பள்ளியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறவர்கள், சொந்தமாக நாலு சென்ட் வாங்கிவிட்டவர்கள். இவர்கள் அரைகுறையாக நிற்காமல் முழுசாக மாறிவிடுவது நல்லது. முதலில் சாதிச் சான்று, பிறப்புச் சான்றுகள். அப்புறம் ரோஸ் கார்டு விண்ணப்பம் எப்போது வாங்குகிறார்கள் என்று கேரளத்து இ-சேவை மையமான அக்ஷயாவில் விசாரித்து, அதை ஒட்டிக் கீழே பெயரை நீக்குவது. வாய்ப்பேச்சில் எடுத்த வாடகை அறைக்கு ஒப்பந்தம் ஒன்று எழுதி வைத்துக்கொள்வது, முகவரிக்கு அதைக் கேட்பார்கள். பெண்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளத்து மகளிர் குழு) சேர்ந்துவிட்டால் எந்த விண்ணப்பம் எப்போது என்ற செய்தி தானாகக் காதுக்கு வரும், தனியாக அலைய வேண்டாம். மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் தாலுகாக்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. கவுண்டரில் யாராவது மறுத்தால் பணிவாக அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஊரில் வீடு இருக்கிற, கடைசிப் பிள்ளை இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத குடும்பங்களுக்கு என் பதில் உறுதியானது: கார்டைத் தொடாதீர்கள். அரிசியை மேலே வாங்குங்கள், மிச்சம் எல்லாம் கீழேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையைக் கீழே சேர்க்க முடியுமா என்று இப்போதே வீட்டில் பேசுங்கள். பாட்டி வீடு, சித்தி வீடு, கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகள் நடத்தும் விடுதிகள் என்று வழிகள் உண்டு. முடிந்தால் அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் கீழே இறங்கி ஜீப்பில் போய்வருகிற வேலைக்கு மாறிக்கொள்வது இன்னும் மேல். பத்து வயதுப் பிள்ளையை யாரிடமாவது விடுவதற்கு ஈடாக எந்த ஒதுக்கீடும் வராது. கூலியில் கொஞ்சம் குறையும், அதைத் தாங்க முடிகிற வீடு தாங்கலாம்.

கீழே சேர்ப்பதென்று முடிவானால் மார்ச் மாதத்திலேயே மேலே உள்ள பள்ளியில் மாற்றுச் சான்றான டி.சி.க்குச் சொல்லி வையுங்கள், ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பள்ளி திறக்கும்போது சேர்த்துவிடலாம். டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. மலையாள வழியில் படித்த பிள்ளையாக இருந்தால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழக்குங்கள். சேர்க்கும்போது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவெண்ணான எமிஸ் எண் போட்டாயிற்றா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, ஆறிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கும்போது அந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள்.